பதினொரு பிள்ளைகளின் பட்டியல்

ஒரு பக்கம் அச்சடித்து மறுபக்கம் வெறுமையாக இருக்கும் தாளைக் குப்பையில் போடக் கலாவதிக்குக் கை வராது. உடுமலைப்பேட்டையில் அவள் படித்த நாளில் அப்பா கொண்டுவந்து கொடுத்த எழுதுதாள் எல்லாம் கூட்டுறவுச் சங்க நோட்டீஸ்களின் முதுகுதான். அமெரிக்கா வந்து ஏழு வருஷம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. கணவன் திருமூர்த்தி சான்டா கிளாராவில் சிப் கம்பெனியில் வேலை பார்த்தான். அங்கே கட்டுக்கட்டாக வீணாகும் தாளைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். அதற்கென்றே சமையலறையில் ஓர் இழுப்பறை இருந்தது. மளிகைச் சாமான் குறிப்பு, மகள் ஓவியாவின் பெருக்கல் கணக்கு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் பயிற்சித்தாள் எல்லாம் அந்த வெறும் பக்கத்தில்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்மவர் வீடுகளில் பாதியில் அப்படி ஓர் இழுப்பறை உண்டு, மீதிப் பாதியில் இல்லை என்று பொய் சொல்வார்கள்.

பயம் என்பதும் அவளுக்குக் கூடப்பிறந்ததுதான். வந்த புதிதில் டெலிபோன் அடித்தால் பயம், ஃப்ரீவேயில் நுழையப் பயம், பள்ளிக்கூடத்து டீச்சர் வேகமாகப் பேசினால் பயம். ஒவ்வொன்றையும் அழுதுகொண்டே பழகினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், மில்பிடாஸுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நகராட்சிக் கூடத்தை வாடகைக்குப் பிடித்துத் தமிழ் வகுப்புத் தொடங்கியபோது, அவளுக்கே தன்மேல் ஆச்சரியமாக இருந்தது. இது நடந்த 1999இல் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். சனிக்கிழமை பத்து மணிக்கு வரும், பன்னிரண்டுக்குப் போகும். அதற்குள் உயிரெழுத்தில் பாதியை மறந்தும்விடும்.

கூடத்துக்கு எதிரே வாகனம் நிறுத்தும் இடம். அதைத் தாண்டி ஒரு டோனட் கடை, ஒரு சலவைக் கடை. முந்தின வருஷம் சலவைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கிக் கடை வந்தது. பெற்றோர் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் காரை மறுபக்கமாக நிறுத்தத் தொடங்கினார்கள். நமக்கெதுக்கு வம்பு என்பதற்கு அதற்குமேல் ஒரு செயல்முறை விளக்கம் கிடையாது.

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடின. கடைக்கு வந்த யாரோ ஒருவர் தன் பிக்கப் வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டுவிட்டு உள்ளே போயிருந்தார். இருக்கையில் ஒரு கைத்துப்பாக்கி. ஏழு வயது விஷாகா எக்கி நின்று சன்னல் வழியாகக் கையை விட்டிருந்தாள். கலாவதி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இழுத்தபோது, பிள்ளையின் விரல் அந்தச் சில்லென்ற இரும்பைத் தொட்டுத் திரும்பியிருந்தது. "மிஸ், இட்ஸ் கோல்ட்" என்றாள் விஷாகா.

திங்கட்கிழமை அவள் நகராட்சிக்குப் போன் போட்டாள். போட்ட பிறகுதான் தெரிந்தது, அவளுக்கு முன்னாலேயே வேறு யாரோ யோசித்திருக்கிறார்கள். மன்ற உறுப்பினரான ஒரு பெண்மணி ஓர் உள்ளூர்ச் சட்டம் கொண்டுவரவிருந்தார். பிள்ளைகள் கூடும் இடத்துக்கு ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி விற்கக் கூடாது, விற்கும் ஒவ்வொரு கைத்துப்பாக்கியோடும் விசையை அசையவிடாத பூட்டு ஒன்று தரவேண்டும், அவ்வளவுதான். இரண்டு கூட்டங்களில் இரண்டு முறை வாக்கெடுப்பு. "உங்களைப் போன்றவர்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் உதவியாக இருக்கும்" என்றார் அந்த அம்மையார். யாரும் அவளிடம் உதவி கேட்டு வெகுநாளாகியிருந்தது. சரி என்றுவிட்டாள்.

"வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கறதுன்னா இதுதான்" என்றான் திருமூர்த்தி. "கிரீன் கார்டு ஃபைல் பாதில நிக்குது. இப்ப எதுக்கு கலா நமக்கு இது?"

"விஷாகா எடத்துல நம்ம ஓவியா நின்னிருந்தா இப்பிடிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். அவன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்த சனிக்கிழமை பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினாள். கிளம்பும் அவசரத்தில் இழுப்பறையிலிருந்து நாலு தாளை உருவி, வெறும் பக்கத்தின் மேலே கோரிக்கையை ஆங்கிலத்தில் எழுதி, அட்டையில் செருகிக்கொண்டு போனாள். கிளிப் போட்ட அட்டை, யாரும் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பதினாறு பேர் போட்டார்கள். கூடவே வகுப்பெடுக்கும் ருக்மிணி முதல் கையெழுத்து. விஷாகாவின் அப்பா பிச்சுமணி, கோரிக்கையில் இருந்த இரண்டு இலக்கணப் பிழையைத் திருத்திவிட்டுப் போட்டார். வான்மதியின் அப்பா சேனாபதி மட்டும் போடவில்லை.

சேனாபதி திருமங்கலத்துக்காரர். டெக்சாஸில் நாலு வருஷம் இருந்தவர். அங்கே ஒரு பட்டப்பகலில் அவர் வீட்டுக்குள் இரண்டு பேர் புகுந்து, அவர் மனைவியைச் சமையலறையில் கட்டிப்போட்டுவிட்டுக் கொள்ளையடித்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பிஸ்டல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சுட்டுப் பழகுவார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் அவரோடு கொஞ்சம் தள்ளி நின்றே பேசுவார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றார் அவர். "எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. பிள்ளைங்களுக்கு வேற எதுன்னாலும் கேளுங்க." அட்டையைப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார்.

நாலு தாளையும் நகராட்சி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் வாக்கெடுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. கூட்டத்தில் நம்மவர் நாலைந்து பேர் இருப்பார்கள் என்று போன கலாவதி, வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே நூறு பேருக்குமேல் ஆண்கள். சட்டையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் வில்லை. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. சட்டத்துக்கு ஆதரவாக யார் பேச எழுந்தாலும் மொத்தக் கூட்டமும் திரும்பி அந்த முகத்தைப் பார்த்தது, அவ்வளவுதான். பக்கவாட்டில் ஒருவர் வீடியோ கேமராவை வைத்துக்கொண்டு, பேசியவர்களை மட்டும் ஒவ்வொருவராகப் படமெடுத்தார்.

கலாவதிக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். ஒன்றரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள். விஷாகாவின் விரல் பட்டதைத்தான் சொன்னாள். உட்காரப் போகும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், அக்கறையோடு விசாரிக்கிற குரலில், "எங்கே குடியிருக்கிறாய், கண்ணே?" என்று கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வாக்கு மூன்றுக்கு இரண்டு என்று சட்டத்துக்குச் சாதகமாக விழுந்தது. இரண்டாவது வாக்கெடுப்பு இரண்டு வாரம் கழித்து.

புதன்கிழமை நாலு மணிக்கு டெலிபோன் அடித்தது. ஓவியா அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் திருமூர்த்தியா?" என்றது ஓர் ஆண்குரல். வயதான, நிதானமான குரல். அவள் பெயரைத் தப்பில்லாமல் சொன்னது. "நேற்று நன்றாகப் பேசினீர்கள். உங்கள் பெண் ஓவியாவுக்குப் பத்து வயது, இல்லையா? சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நீங்களே அழைத்துப் போவீர்கள். அந்தச் சின்னப் பெண் விஷாகாவுக்கு வேர்க்கடலை ஆகாதாமே, பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் படிப்போம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் கூப்பிட்டேன்." அவ்வளவுதான். குட் டே சொல்லி வைத்துவிட்டது.

கலாவதி ரிசீவரை வைக்காமலே நின்றாள். ஓவியா "ஹூ வாஸ் இட்?" என்று கேட்டாள். "ராங் நம்பர்" என்றாள். சொல்லிவிட்டு வாசற்கதவைப் போய்ப் பூட்டினாள், பின்கதவைப் பூட்டினாள், பிறகு வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று மறுபடி போய்ப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் பத்து வீட்டுக்கும் அந்தப் போன் போய்விட்டது. சில வீட்டுக்கு ஆண்குரல், ஒரு வீட்டுக்குப் பெண்குரல். எல்லாம் மரியாதையான குரல்தான். யாரையும் திட்டவில்லை, மிரட்டவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லி, வயதைச் சொல்லி, எத்தனை மணிக்கு யார் அழைத்துப் போவார்கள் என்பதைச் சொல்லி வைத்துவிட்டார்கள். ருக்மிணி போலீஸுக்குச் சொன்னாள். வந்த அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, "இதில் சட்டவிரோதமாக ஒரு சொல்கூட இல்லையே, அம்மா" என்றாராம். ருக்மிணி அதைப் போனில் சொல்லும்போது அழுதாள். "நம்ம ராகம் போட்டுக் கூப்பிடற பேரெல்லாம் அவன் வாயில வருது கலா. எப்பிடி வரும்?"

பத்து வீட்டுக்குப் போன போன் பதினோராவது வீட்டுக்குப் போகவில்லை. சேனாபதி வீட்டுக்கு. கையெழுத்துப் போடாதவர்களைக் கூப்பிட அவர்களுக்கு என்ன வேலை? ஆனால் பயந்தவர்களுக்கு அப்படியெல்லாம் யோசிக்க நேரமில்லை.

சனிக்கிழமை பெற்றோர் எல்லாரும் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பிள்ளைகளை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலை" என்று தொடங்கினார் பிச்சுமணி. அப்படித் தொடங்குகிறவர் எங்கே போய் முடிப்பார் என்று உலகத்துக்கே தெரியும். "லாஜிக்கலா யோசிச்சுப் பாருங்கோ. அந்த டீட்டெய்ல்ஸ் எல்லாம் நம்ம கிளாஸ் லிஸ்ட்ல மட்டுந்தான் இருக்கு. விஷாகாவோட அலர்ஜி வேற எங்கேயும் இல்லை. லிஸ்ட் இருக்கறது நம்ம பதினோரு ஆத்துல. அதுல ஒருத்தர் கையெழுத்துப் போடலை. ஒருத்தருக்குக் கால் வரலை. ஒருத்தருக்கு அந்தப் பக்கம் பழக்கம் உண்டு."

சேனாபதி அப்போதுதான் வான்மதியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தமே அவருக்குப் போதுமாக இருந்தது.

"நானா குடுத்தேன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்.

யாரும் வாய் திறக்கவில்லை. கலாவதியும்தான். அவளும் அவராக இருக்கும் என்றே நினைத்தாள், அதை இங்கே மறைப்பானேன். சேனாபதி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு குனிந்து மகளிடம் "இன்னைக்கு கிளாஸ் இல்லையாம்டா, வா" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உள்ளறையில் பத்துப் பிள்ளைகள் ஆத்திசூடி சொல்லும் சத்தம் வெளியே கேட்டது.

திங்கட்கிழமை கலாவதி நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள். தன் பெயரைக் கோரிக்கையிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று கேட்கத்தான் போனாள், வீரம் ஒன்றும் இல்லை. செயலர் ஒரு வயதான அம்மாள், மூக்குக் கண்ணாடிச் சங்கிலி போட்டவர். கோப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "எடுக்க முடியாது. கொடுத்துவிட்டால் அது பொது ஆவணம். யார் கேட்டாலும் நகல் தரவேண்டும், ஏற்கெனவே ஆறு பேர் வாங்கிப் போயிருக்கிறார்கள்" என்று கனிவாகவே சொன்னார். "நான் எல்லாப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பேன். முப்பது வருஷத்தில் ஒரு பக்கம் விட்டதில்லை."

எல்லாப் பக்கத்தையும். கலாவதி கோப்பிலிருந்த முதல் தாளைத் திருப்பினாள்.

வகுப்புப் பட்டியல். செப்டம்பரில் முகவரி மாறிய இரண்டு வீட்டுக்காகப் புதிதாக அடித்தபோது மிச்சமாகி இழுப்பறைக்குப் போன பழைய நகல்கள். கூடத்தின் மேலாளர் கேட்டார் என்று அவளே உட்கார்ந்து ஆங்கிலத்தில் தட்டியது. பெயர், வயது, வீட்டு முகவரி, டெலிபோன், அழைத்துப் போகிறவர், நேரம், கடைசிக் கட்டத்தில் கவனிக்க வேண்டியவை. இரண்டாவது தாளைத் திருப்பினாள், அதே பட்டியல். மூன்றாவது, நாலாவது. வெறும் பக்கம் வீணாகக் கூடாதென்று அவள் கையாலேயே உருவிய நாலு தாள். பதினொரு பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்து, இந்தாருங்கள் என்று அவளே கொடுத்திருக்கிறாள்.

கார் நிறுத்திய இடத்துக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

திருமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டான். நல்லவன்தான். கோபப்படக்கூட இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "கலா, நாஞ் சொல்றதக் கேளு. நீ வேணும்னு செஞ்சியா, இல்லீல்ல? இப்ப நீயாப் போயி வாயக் குடுத்தா நம்மளத்தான் எல்லாருஞ் சேந்து கிழிப்பாங்க. பிச்சுமணி வக்கீல் வெச்சாலும் வெப்பாரு. ரெண்டு வாரம் பொறுத்துக்கோ, எல்லாம் அடங்கிரும்."

"சேனாபதி?"

"அவுரு மேல யாரு கேஸா போட்டாங்க? சும்மா நெனச்சுட்டு இருக்கறாங்க, அவ்வளவுதான். நெனச்சுட்டுப் போகட்டும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. கலாவதி இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். டெலிபோன் அடித்தால் ஒதுங்கி நின்றாள். ஓவியாவைப் பள்ளிப் பேருந்தில் அனுப்பாமல் தானே கொண்டுபோய் விட்டாள், பின்னால் வரும் காரின் கண்ணாடியில் யார் முகம் என்று பார்த்துப் பார்த்து இரண்டு சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். இங்கே இருட்டும் இல்லை, பேய்க்கு முகமும் இல்லை. பல்பொருள் அங்காடியில் பையைத் தூக்கிக் கொடுக்கிறவர், தபால்காரர், பூங்காவில் நாயோடு போகிற கிழவர், எல்லாரும் மரியாதையாகத்தான் சிரித்தார்கள். அந்தக் குரலும் மரியாதையாகத்தான் பேசியது.

புதன்கிழமை தபால்பெட்டியில் ஸ்டாம்பு ஒட்டாத ஓர் உறை கிடந்தது. உள்ளே ஒரு போட்டோ. கடிதம் கிடையாது. கூடத்தின் வாசலில் சனிக்கிழமை மதியம் எடுத்தது. பிள்ளைகள் படியிறங்கி வருகிறார்கள். ருக்மிணியின் கை ஒரு பிள்ளையின் தோள்மேல் இருக்கிறது. ஓவியா கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ "ஸ்மைல்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஓவியா, இத எடுத்தது யாரு?" என்று கேட்டாள், குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"சம் கை. ஹி வாஸ் நைஸ்" என்றாள் ஓவியா. "ஹி நியூ மை நேம்."

கலாவதி கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயம் அழுகையில் குறையவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. பட்டியல் எங்கிருந்து போனது, எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று தெரியாமல் பத்து வீட்டுக்காரர்கள் ஒரு தவறான மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவரிடமிருந்து பிள்ளைகளை ஒதுக்கினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் சொன்னால்தான் அவர்கள் பார்க்க வேண்டிய பக்கம் பார்ப்பார்கள்.

டெலிபோனை எடுத்தாள். ஒரே தடவையாக எல்லாரையும் கூட்டிச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை, ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொன்னாள். ருக்மிணி "சரி, நான் அப்புறம் பேசறேன்" என்றாள். அப்புறம் பேசவில்லை. ஒரு வீட்டில் "உங்கள நம்பித்தானே குடுத்தோம்" என்று ஒரே வரி. பிச்சுமணி கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தத் தாள் ஒண்ணுக்கு ரெண்டு காசு பெறுமா மேடம்?" என்று கேட்டார். அவர் சத்தம்கூடப் போடவில்லை.

சேனாபதிக்கு மட்டும் போன் போடவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே நேரில் போனாள். அவர் கேராஜில் வான்மதியின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். உட்கார ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காராமலே சொல்லி முடித்தாள்.

"தெரியும் மேடம்" என்றார் அவர். "திங்கக்கிழமை மத்தியானம் நானும் அந்த ஆபீசுக்குப் போனேன். நம்ம மேல பழி வந்துருச்சே, எங்கிருந்துதான் போச்சுன்னு பாக்கத்தான். அந்தம்மா ரெண்டு பக்கமும் காப்பி எடுத்துக் குடுத்துச்சு."

"அப்பவே தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலீங்களா?"

"எதுக்கு? நீங்க பொட்டப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஏற்கெனவே பயந்துபோய்க் கிடக்கீங்க." அவர் பம்ப்பை ஓரமாக வைத்தார். "ஒண்ணு சொல்றேன். அந்தக் கூட்டத்துல இருக்கறவங்கள்ல நெறையப் பேரு என் மாதிரிதான். ஞாயித்துக்கிழமை பாக்கறவங்க, நல்லவங்க. அதுல யாரோ நாலு பேருதான் இந்த வேலையப் பாக்கறானுங்க. ஆனா அந்த நாலு பேரு யாருன்னு எனக்குத் தெரியலை. அதான் எனக்கும் பயமாயிருக்கு."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அவளை உலுக்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். கேட்டாளா என்பது வீட்டுக்கு வந்த பிறகு அவளுக்கே நினைவில்லை.

இரண்டாவது வாக்கெடுப்புக்கு அவள் தனியாகப் போனாள். கையெழுத்துப் போட்ட பதினாறு பேரில் வேறு ஒருவரும் வரவில்லை. வராதவர்கள்மேல் குறை சொல்ல அவளுக்கு வாயுமில்லை. பேச வேண்டியதை எழுதி வைத்திருந்தாள். இந்த முறை இரண்டு டாலர் கொடுத்து வாங்கிய புத்தம் புதிய நோட்டில்.

பேச வாய்ப்பே வரவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்த அந்தப் பெண்மணியே எழுந்து, மேலும் ஆய்வு தேவைப்படுவதால் இதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வாக்கியத்தில் சொன்னார். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்கும் பெயர்கள் இருந்தன. மஞ்சள் வில்லைக்காரர்கள் மெதுவாகக் கைதட்டினார்கள். துள்ளிக் குதிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. இரண்டு நிமிஷத்தில் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள், அது தெருவிளக்கு.

கலாவதி வெளியே வந்தபோது, உயரமான ஒருவர் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையில் தொப்பி, நரைத்த மீசை, அப்பா வயது. "வீட்டுக்குப் பத்திரமாகப் போங்கள், அம்மா" என்றார். "ஓவியாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

குரல் பழகிய குரலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. காரில் ஏறிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு, எஞ்சினைக் கிளப்பாமல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். தாம் விட்டுக்கொடுத்துவிட்டால் அவர்களும் விட்டுவிடுவார்கள் என்று எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நம்பிக்கை அந்தக் கால்மணி நேரத்தில் போயிற்று. சட்டம் செத்துவிட்டது. பட்டியல் செத்துப்போகாது. ஆறு நகல்கள், அவற்றுக்கு எத்தனை நகல்களோ.

அந்தச் சனிக்கிழமை வகுப்பை நடத்த வேண்டாம் என்றான் திருமூர்த்தி. கூடத்துக்கு மாத வாடகை கட்டியாயிற்று என்று அவள் சொன்னாள். உண்மைக் காரணம் அதுவல்ல. இன்றைக்குப் பூட்டினால் பிறகு ஒருநாளும் திறக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்பதே முக்காலுக்கே போய்ப் பதினொரு நாற்காலியைப் போட்டாள். ஓவியா அதில் ஒன்றில் உட்கார்ந்து கால்களை ஆட்டினாள்.

பத்து ஆயிற்று. பத்தேகால் ஆயிற்று. ருக்மிணி வரவில்லை. ஒரு கார் வந்தால் கலாவதி சன்னலுக்கு ஓடினாள், அது டோனட் கடைக்கு வந்ததாக இருந்தது. துப்பாக்கிக் கடை வாசலில் இரண்டு பேர் காப்பிக் கோப்பையோடு நின்று கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா நின்றார்களோ என்னவோ. திரையை இழுத்துவிட்டாள்.

பத்து இருபதுக்குக் கதவு திறந்தது. வான்மதி உள்ளே ஓடிவந்து ஓவியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே சேனாபதி. வழக்கமாக வாசலோடு போய்விடுகிறவர், இன்றைக்கு உள்ளே வந்து பின்சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். தோளில் மாட்டியிருந்த சின்னக் கறுப்புப் பையைக் கழற்றி மடியில் வைத்து, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

கலாவதி பையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஜிப் போட்டுத்தான் இருக்கு மேடம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "இங்க கொண்டாறது தப்புதான், தெரியும். பிள்ளைங்களுக்குத் தெரியாது. நீங்க பாடத்த நடத்துங்க. பன்னண்டு வரைக்கும் நான் இருக்கேன்."

இந்தக் கூடத்துக்கு ஆயிரம் அடிக்குள் எது வரக்கூடாது என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினாளோ, அது இரண்டு பிள்ளைகளுக்குப் பத்தடி தூரத்தில் ஒரு மடியில் இருந்தது. வெளியே கொண்டுபோங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது வெளியே ஒரு வண்டி மெதுவாக வந்து கூடத்து வாசலுக்கு நேராக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. யாரும் இறங்கவில்லை. ஓவியா பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பை அங்கே இருப்பது, வெட்கக்கேடுதான், கலாவதிக்கு ஆறுதலாக இருந்தது.

"சேனாபதி" என்றாள். "நாற்காலிய இன்னுங் கொஞ்சம் கதவுப் பக்கமாப் போட்டுக்கறீங்களா?"